அவருக்கு வேலை கிடைத்துவிட்டது, உங்களுக்கு? ஸ்டுட்கார்ட் கிளம்பும் கோபித் தம்பதிக்கு ஒரு பதில்

நீங்கள் கேட்டது இது: கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம் சொந்த ஊர், கல்யாணமாகி ஒரு வருடம். கணவருக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை உறுதியாகிவிட்டது. நீங்கள் பி.டெக். டெக்ஸ்டைல் படித்துவிட்டுத் திருப்பூர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறீர்கள். வேலையை விட்டுவிட்டு அவரோடு கிளம்பப் போகிறீர்கள். மாமனாரும் மாமியாரும் தோட்டத்தில் இருப்பார்கள். அங்கே அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், கிளம்புவதற்குள் எதையெல்லாம் முடிக்க வேண்டும்?

நானும் என் வீட்டுக்காரரும் ஸ்டுட்கார்ட் பக்கம் பல வருடம் குடியிருந்துவிட்டு இப்போது பெருந்துறையில் இருக்கிறோம். நம் பக்கத்திலிருந்து கிளம்பும் பிள்ளைகள் எங்களிடம் விசாரிப்பது பெரும்பாலும் வாடகை எவ்வளவு, குளிர் எப்படி, இட்லி அரிசி கிடைக்குமா என்பதைத்தான். அதையெல்லாம் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று, அம்மணி. உங்கள் கணவருக்குப் போன மறுநாளே ஆபீஸ், டீம், மதியம் சேர்ந்து சாப்பிட நாலு பேர் என்று எல்லாம் தயாராக இருக்கும். உங்கள் கையில் ஒரு வீட்டுச் சாவிதான் இருக்கும். இரண்டு வருடத்தில் மனம் கசந்து திரும்பி வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பலவற்றில் காரணம் பணமோ குளிரோ இல்லை. அந்த வீட்டுப் பெண் நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல், செய்ய வேலையில்லாமல் உட்கார்ந்திருந்ததுதான். அதனால் இந்தப் பதிலை உங்களை நடுவில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் விசா. கணவருக்குக் கிடைத்திருப்பது ஜெர்மன் கம்பெனியோடு நேரடி ஒப்பந்தமா, இங்குள்ள கம்பெனி அனுப்பும் டெபுடேஷனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நேரடி ஒப்பந்தம், தகுந்த சம்பளம் என்றால் ப்ளூ கார்டு, அதாவது பட்டம் படித்தவர்கள் அங்கே தங்கி வேலை பார்ப்பதற்கான அனுமதி. ப்ளூ கார்டில் போகிறவரின் மனைவிக்கு விசாவுக்காக ஜெர்மன் மொழித் தேர்வு கிடையாது. அங்கே போனதும் எந்த வேலைக்கும் சேரலாம், தனி அனுமதி வேண்டாம். டெபுடேஷன் என்றால் பெரும்பாலும் ஐசிடி கார்டுதான், ஒரே கம்பெனிக்குள் நாடு மாற்றி அனுப்பப்படுகிறவர்களுக்கான அனுமதி. அது மேனேஜர், ஸ்பெஷலிஸ்ட் நிலையில் இருப்பவர்களுக்கே அதிகபட்சம் மூன்று வருடம். ப்ளூ கார்டில் 27 மாதம் வேலை செய்து, ஏ1 என்ற ஆரம்ப நிலை அளவுக்கு மொழி தெரிந்தால் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஏ1, ஏ2 தாண்டி நடுத்தர நிலையான பி1 முடித்திருந்தால் 21 மாதமே போதும். எந்த வழியில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் கட்டில் வாங்குவதிலிருந்து குழந்தை வரைக்கும் மற்ற முடிவுகளை எடுக்க முடியும்.

மொழித் தேர்வு வேண்டாம் என்றதும் மொழியே வேண்டாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். கணவர் ஆபீஸில் ஆங்கிலத்தை வைத்துச் சமாளித்துவிடுவார். வீட்டு ஓனர், மருந்துக்கடை, டாக்டர் வீட்டு ரிசப்ஷன், கொரியர் பையன் எல்லோரும் உங்களிடம்தான் வருவார்கள், ஜெர்மனில் வருவார்கள். கோவையிலேயே கோதே சென்ட்ரம் இருக்கிறது. நோட்டீஸ் காலம் ஓடும்போதே ஏ1 வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். ஏ2 வரை முடித்துவிட்டுப் போனால் முதல் ஆறு மாதமே வேறு மாதிரி இருக்கும். அங்கே போனபிறகு இன்டக்ரேஷன் கோர்ஸுக்கு விண்ணப்பிக்கலாம்: 600 மணி நேரம் மொழி, 100 மணி நேரம் அந்த நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கை முறை. சிரியாக்காரர், உக்ரைன்காரர், துருக்கிக்காரர் என்று உங்களைப் போலவே புதிதாக வந்தவர்கள் வகுப்பில் இருப்பார்கள். எனக்கு அங்கே முதலில் கிடைத்த சிநேகிதிகள் அப்படித்தான் கிடைத்தார்கள். ஸ்டுட்கார்ட்டில் வயதானவர்கள் பேசுவது ஸ்வேபியன் என்ற வட்டாரப் பேச்சு. வகுப்பில் படித்த ஜெர்மன் போலவே இருக்காது. முதல் மாதம் ஒன்றும் விளங்கவில்லையே என்று மனம் விட்டுவிட வேண்டாம்.

இனி உங்கள் தொழில். இதைத்தான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் போகிற இடம் உங்கள் தொழிலுக்கு அந்நியமான ஊரே இல்லை. திருப்பூரில் ஆர்டர் ஷீட்டில் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 என்று, துணியில் கெடுதலான ரசாயனம் இல்லை என்பதற்கான சான்றைப் பார்த்திருப்பீர்கள். 1992-இல் ஓகோ-டெக்ஸைத் தொடங்கியவர்களில் ஒன்றான ஹோஹென்ஸ்டைன் ஆய்வு நிறுவனம் ஸ்டுட்கார்ட்டுக்கு வடக்கே பெனிக்ஹைமில் இருக்கிறது. ஆர்கானிக் காட்டனுக்குக் கேட்கும் காட்ஸ் சான்றிதழை நடத்தும் அமைப்பின் அலுவலகம் ஸ்டுட்கார்ட் நகரத்திலேயே இருக்கிறது. ஹ்யூகோ பாஸ் உடுப்புக் கம்பெனியின் தலைமையகம் மெட்சிங்கனில், ஸ்டுட்கார்ட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் தூரம்தான். உங்கள் ஊர் நிட்டிங் மெஷின்களில் ஓடும் குரோஸ்-பெக்கர்ட் ஊசி அல்ப்ஸ்டாட்டில் தலைமையகம் வைத்திருக்கும் கம்பெனியுடையது. அதுவும் அதே மாநிலம். இதற்கு மேல், ஜெர்மனியில் 2023 ஜனவரி 1 முதல் சப்ளை செயின் சட்டம் நடப்பில் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் தங்களுக்குச் சரக்கு அனுப்பும் இடங்களில் தொழிலாளர் உரிமையும் சுற்றுச்சூழலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்தாக வேண்டும். ஜாப் ஒர்க் எங்கே போகிறது, சாயப்பட்டறையில் கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் எப்படி நடக்கிறது, ஆடிட் நாளில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஆள் அங்கே அரிது. உங்களுக்கு அது அன்றாட வேலை.

ஆனால் அந்த அறிவு காகிதத்தில் இருக்க வேண்டும். நம்மூர்க் கம்பெனிகள் கொடுக்கும் ரிலீவிங் லெட்டர் பெரும்பாலும் இரண்டு வரிதான்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வேலை பார்த்தார், நடத்தை நன்று. ஜெர்மனியில் வேலைக்குக் கூப்பிடுபவர் எதிர்பார்ப்பது முழுப் பக்கச் சான்று. எந்தெந்த நாட்டு பையர்கள், என்ன ரகம், சாம்பிளிலிருந்து ஷிப்மென்ட் வரை எது உங்கள் பொறுப்பு, எந்தெந்தச் சான்றிதழ் ஆடிட்டில் இருந்தீர்கள், எத்தனை பேர் உங்களுக்குக் கீழ் என்று விவரமாக எழுதியிருக்க வேண்டும். நீங்களே வரைவு எழுதி எம்.டி.யிடம் கையெழுத்து வாங்குங்கள். கிளம்பிய பிறகு கேட்டால் யாரும் செய்து தர மாட்டார்கள். பட்டத்துக்கு, அனாபின் என்ற ஜெர்மன் அரசுத் தளத்தில் உங்கள் பல்கலைக்கழகமும் பட்டமும் எப்படி மதிப்பிடப்பட்டிருக்கின்றன என்று இலவசமாகப் பார்க்கலாம். தேவைப்பட்டால் சுமார் 200 யூரோ கட்டணத்தில் பட்ட மதிப்பீட்டுச் சான்றும் வாங்கலாம். உங்கள் துறைக்கு அரசு அங்கீகாரம் கட்டாயமில்லை; நர்ஸ், டாக்டர், டீச்சர் படித்த பெண்களுக்குத்தான் அந்த நீண்ட வழி. போனதும் வேலை கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பி1 வந்த பிறகு தேடினால் கதவு திறக்கும், அதற்கு ஒரு வருடம் ஒன்றரை வருடம் பிடிக்கலாம். அந்தக் காலத்துக்கு இரண்டு பேரும் முன்கூட்டியே மனசைத் தயார் செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து இங்கே முடிக்க வேண்டிய காகிதங்கள். கல்யாணம் கோயிலில் நடந்திருந்தாலும் மண்டபத்தில் நடந்திருந்தாலும் 2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சான்று வேண்டும். அப்புறம் பெயர். நம் பக்கம் இனிஷியல்தான் வழக்கம். பல பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாகவே இருக்கும். அப்படியே போனால் பாங்க், காப்பீடு, விமான டிக்கெட் எல்லாவற்றிலும் இழுபறிதான். விசாவுக்குக் கொடுக்கும் முன்பே அந்தக் கட்டத்தில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ போட்டு, கல்யாணச் சான்று, பட்டம், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் இருக்கிற குடும்பம் என்பதால் இதைத் தவறாமல் கவனியுங்கள். வேலைக்காக வெளிநாடு குடிபோகிறவர் ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டில் வசிப்பவராகிவிடுகிறார். அதன்பிறகு அவர் விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. தானமாகவும் பெற முடியாது. ஏற்கெனவே பெயரில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம். வாரிசாகவோ உயில் மூலமாகவோ வருவதற்கும் தடையில்லை. நம் பக்கம் அப்பா பையனுக்குச் செட்டில்மென்ட் எழுதி வைப்பது சாதாரணம். மாமனாருக்கு அப்படி ஓர் எண்ணம் இருந்தால், கிளம்புவதற்கு முன்பே ஆடிட்டரையும் பத்திர வக்கீலையும் பார்த்து முடிவு செய்யுங்கள். பக்கத்து வயல் விலைக்கு வந்தால் அங்கிருந்து பணம் அனுப்பிப் பையன் பேரில் வாங்கிவிடலாம் என்று பெரியவர்கள் நினைத்திருப்பார்கள். அது முடியாது என்று இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

பவர் ஆஃப் அட்டர்னி எழுத வேண்டியிருந்தால் அதையும் இங்கேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுங்கள். அங்கே போய் எழுதினால் மியூனிக்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி இங்கே அனுப்பி, வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டியிருக்கும். சேமிப்புக் கணக்குகளை வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றுவது, அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு திறப்பது எல்லாம் பாங்க் மேனேஜரிடம் ஒரு மணி நேர வேலை. நகை லாக்கரில் இருக்கட்டும். லாக்கர் உங்கள் அம்மா பெயரும் சேர்த்து இருக்கட்டும்.

இனி அங்கே. வீடு கிடைப்பதுதான் ஸ்டுட்கார்ட்டில் பெரிய கஷ்டம். முதல் சில மாதத்துக்குச் சாமான் செட்டோடு உள்ள தற்காலிக வீட்டைக் கம்பெனி மூலம் கேட்டு வாங்குங்கள். நிரந்தர வீட்டை அங்கே போய் நேரில் பார்த்துப் பிடியுங்கள். பார்க்காத வீட்டுக்கு யாருக்கும் முன்பணம் அனுப்பக் கூடாது. விளம்பரத்தில் இரண்டு வாடகை போட்டிருப்பார்கள்: வெறும் வாடகை ஒன்று, ஹீட்டர், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தது ஒன்று. டெபாசிட் வெறும் வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் கேட்கச் சட்டத்தில் இடமில்லை, அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். சமையலறை என்று ஒரு அறை இருக்கும், உள்ளே சிங்க்கோ அடுப்போ அலமாரியோ இல்லாமல் நாலு சுவர் மட்டும் இருக்கும்! முந்தின குடித்தனக்காரரிடமே கிச்சனை விலை பேசி எடுத்துக்கொள்வது அங்கே வழக்கம்.

ஒப்பந்தத்தில் உங்கள் கையெழுத்தும் இருக்கட்டும். குடிபோன இரண்டு வாரத்துக்குள் இரண்டு பேரும் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு ஓனர் கையெழுத்திட்ட படிவம் தேவை. அந்தப் பதிவுக்குப் பிறகுதான் வரி எண் தபாலில் வரும், மற்ற எல்லாமே அதன்மேல்தான். தபால் பெட்டியில் இரண்டு பேர் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். உங்கள் கடைசிப் பெயர் கணவருடையதிலிருந்து வேறாக இருந்தால் இது ரொம்ப முக்கியம். பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும், அந்த நாட்டில் எல்லாமே கடிதம்தான். மருத்துவக் காப்பீட்டில், உங்களுக்கு வருமானம் இல்லாதவரை அரசுக் காப்பீட்டில் கணவரோடு கட்டணமில்லாமல் சேர்ந்துகொள்ளலாம். உங்கள் போட்டோ போட்ட தனி கார்டு வரும். பாங்க் கணக்கைக் கூட்டுக் கணக்காகவே திறக்கச் சொல்லுங்கள். கடைக்குப் போவதும் பில் கட்டுவதும் நீங்கள்தான், ஒவ்வொன்றுக்கும் அவரிடம் கேட்டு வாங்கும் நிலை திருப்பூரில் சம்பளம் வாங்கிப் பழகிய உங்களுக்கு நிச்சயம் உறுத்தும். ரேடியோ, டிவி கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். டிவி இல்லையே என்று தூக்கிப் போட்டுவிட வேண்டாம், அது கட்டாயம்.

அக்கம்பக்கத்தாரோடு நல்லபடி இருக்க ஸ்டுட்கார்ட் பக்கத்துக்கே உரிய ஒரு வழக்கம் உண்டு, கேர்வோஹே. மாடிப்படி, வாசல், வீட்டு முன்னாலுள்ள நடைபாதையை வாரத்துக்கு ஒரு வீட்டார் என்று முறை வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். முறை வந்ததும் உங்கள் கதவில் ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போவார்கள். அதைச் சொல்லாமலே சரியாகச் செய்துவிட்டால் கீழ்வீட்டுப் பாட்டி உங்களோடு பேசத் தொடங்கிவிடுவார். வாசல் கூட்டித் தெளித்து வளர்ந்த உங்களுக்கு இதில் கஷ்டமே இருக்காது. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை அமைதி நேரம். மிக்சி, கிரைண்டர், வாஷிங் மெஷின் ஓட்டக் கூடாது. ஞாயிறு முழுக்கக் கடை அடைப்பு. சந்தை நாளை விட்டால் அடுத்த வாரம்தான் என்று நம் பாட்டிகள் கணக்கு வைத்த மாதிரி, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பாலும் காய்கறியும் வாங்கி வைத்துவிட வேண்டும்.

கிரைண்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. கோயமுத்தூர் டேபிள் டாப் கிரைண்டரைத் தாராளமாக எடுத்துப் போங்கள். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்குக்கு ஓர் அடாப்டர் போதும். குளிர்காலத்தில் மாவு புளிக்காது. ஓவனுக்குள் வைத்து உள் விளக்கை மட்டும் போட்டுவிட்டால் காலையில் பொங்கியிருக்கும். சாப்பாட்டுச் சாமானில் நெய், பால்கோவா, கறி வகை எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பெட்டியில் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் தாவரச் சான்று இல்லாமல் போகாது. தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்தச் சான்று வேண்டாம். ஆனால் கொப்பரை எண்ணெய்ப் பிசுக்குள்ளது, தீப்பிடிக்கும் என்பதால் விமானத்தில் விடமாட்டார்கள். வீட்டில் அரைத்த மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, மஞ்சள்பொடி, நாட்டுச்சர்க்கரை, சந்தகை பிழியும் அச்சு இவை போதும். அரிசிம்பருப்புக்கும் கொள்ளுக்கும் அங்கேயே வழி இருக்கிறது. 1983-க்குப் பிறகு ஈழத்திலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் ஜெர்மனி நகரங்களில் கடை வைத்திருக்கிறார்கள். முருங்கைக்காய், கறிவேப்பிலை, இட்லி அரிசி எல்லாம் அங்கே கிடைக்கும். காசு கொடுத்துச் சாமான் வாங்குவதோடு நிறுத்தாமல் நாலு வார்த்தை பேசுங்கள். அவர்கள் எவ்வளவோ இழந்து வந்து அந்த ஊரில் காலூன்றியவர்கள். எந்த டாக்டர் நன்றாகப் பார்ப்பார், எந்த அலுவலகத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும். பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரத் தமிழாலயம் என்ற பெயரில் பள்ளிகளும் நடத்துகிறார்கள்.

குளிரைவிட இருட்டுதான் நம்மைச் சோர்வாக்கும். டிசம்பரில் அங்கே பகல் எட்டேகால் மணி நேரம் போல. நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். தேதியை நீங்கள் தேர்ந்தெடுக்க முடிந்தால் ஏப்ரல், மே மாதத்தில் போய்ச் சேருங்கள். ஜூனில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், ஊரை நடந்தே பழகிவிடலாம். முதல் குளிர்காலம் வருவதற்குள் வகுப்பு, தோழிகள், வாரம் ஒரு நாள் நீச்சலோ தையலோ என்று வெளியே போக ஏதாவது அமைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் நாலரை மணி நேரம் முன்னால் இருப்பார்கள், வெயில் காலத்தில் மூன்றரை. அங்கே மத்தியானம் நாலு மணிக்கு இங்கே அம்மா சாப்பாடு முடித்துவிட்டு ஓய்வாக இருப்பார், கணவர் இன்னும் ஆபீஸில் இருப்பார். அந்த நேரம் தினமும் இரண்டு மணி நேரம் போனிலேயே போய்விடும் ஆபத்து இருக்கிறது. அம்மா, மாமியார் இரண்டு பேரிடமும் அரை மணி நேரம் பேசிவிட்டு வெளியே கிளம்பிவிடுங்கள் என்பது என் அழுத்தமான யோசனை.

நோம்பிக்கும் விசேஷத்துக்கும் வருவதைப் பற்றி இப்போதே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அங்கே வாரம் ஐந்து நாள் வேலைக்கு வருடத்தில் 20 நாள் விடுப்பு சட்டப்படி உண்டு, பல கம்பெனிகளில் 30 வரை கொடுப்பார்கள். உங்களுக்குத் தம்பியோ அண்ணனோ கல்யாணத்துக்கு இருந்தால் இணைச்சீருக்கு நீங்கள் இருந்தே ஆக வேண்டும். முகூர்த்த நாளைக் குறிக்கும் முன் உங்களைக் கேட்கச் சொல்லுங்கள்.

மாமனார் மாமியாரை அழைக்க நினைத்தால் விசிட்டர் விசாவில் 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். ஆளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு தேவை. உண்மையான சிக்கல் விசாவில் இருக்காது. மாட்டை யார் பார்ப்பது, தண்ணீர் யார் பாய்ச்சுவது என்பதில்தான் இருக்கும். மஞ்சள் வெட்டி முடிந்து, அடுத்த நடவுக்கு முன்னால் உள்ள ஏப்ரல், மே இடைவெளியில் வரச் சொல்லுங்கள். பண்ணையம் பார்க்க ஓர் ஆளை இப்போதே பழக்கி வைத்தால் அவர்களும் நிம்மதியாகக் கிளம்புவார்கள்.

முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அங்கே மருத்துவச்சி வீட்டுக்கே வந்து தாயையும் குழந்தையையும் பார்த்துக்கொள்வதைக் காப்பீடு ஏற்கிறது. ஆனால் கர்ப்பம் உறுதியான உடனேயே தேடிப் பிடிக்க வேண்டும். இங்கே பிறந்தால் குழந்தைக்குப் பாஸ்போர்ட், விசா எடுக்கும் மாதங்களில் அப்பா அங்கேயும் நீங்கள் இங்கேயுமாக இருப்பீர்கள். நான் அங்கேயே பெற்றுக்கொண்டு அம்மாவை வரவழைத்துக்கொள்வதுதான் நல்லது என்பேன். ஆனால் இது நீங்கள் இருவரும் எடுக்க வேண்டிய முடிவு.

கடைசியாக உடுப்பு. கனமான ஜாக்கெட்டும் பூட்ஸும் இங்கே வாங்காதீர்கள், அங்கேயுள்ள குளிருக்குத் தாங்காது. உள்ளே போடும் தெர்மல் துணி மட்டும் திருப்பூரிலேயே ஆளுக்கு நாலைந்து செட் எடுத்துக்கொள்ளுங்கள். எது நல்ல துணி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விசா எந்த வகை, எந்த மாதம் கிளம்புகிறீர்கள் என்று தெரிந்ததும் எழுதுங்கள், மீதியைச் சொல்கிறேன்.